தலைப்பை அப்புறம் சொல்லுங்கள்

திருநெல்வேலிச் சீமையின் பள்ளி இசை ஆசிரியர்களுக்கும் தேவாலயப் பாடகர் குழுக்களை நடத்துகிறவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள டீச்சர்மாருக்கும் சார்மாருக்கும் கொயர் மாஸ்டர்மாருக்கும்,

நான் திசையன்விளைப் பக்கத்துக்காரன். வாரநாளில் எலெக்ட்ரிக்கல் கடை, ஞாயிற்றுக்கிழமை கோவிலில் கீபோர்டு. ஆராதனைக்கு வாசிக்கத் தொடங்கி இருபது வருஷம் ஆகப்போகிறது. உங்களிடம் பாட்டுப் படித்த பிள்ளைகள்தான் எங்கள் பாடகர் குழுவில் நின்று பாடுகிறார்கள். அந்த நன்றி எனக்கு உண்டு. அதனால்தான் மனதில் கிடப்பதை உங்களிடமே எழுதுகிறேன்.

போன கோடை விடுமுறையில் என் அக்கா மகள் ஓர் இசை முகாமுக்குப் போனாள். ஒன்பதாம் வகுப்பு முடித்த பிள்ளை. முகாம் எது, நடத்தியது யார் என்பது வேண்டாம். பிள்ளைகளுக்கு உலக இசையைக் காட்ட வேண்டும் என்ற நல்ல நோக்கத்தோடு நடத்தியவர்கள்தான். கடைசி நாள் ஒரு போட்டி வைத்தார்கள். நவீன மேற்கத்திய செவ்வியல் இசையில் ஓர் உருப்படியைப் போடுவார்கள். அது சொல்லும் கதையைப் பிள்ளைகள் ஒரு பக்கத்தில் எழுத வேண்டும். போடும்முன் தலைப்பைச் சொல்லி, கரும்பலகையிலும் எழுதி, கதை எதைப் பற்றியது என்று விளக்கமும் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் பிள்ளை வந்த பஸ் அன்றைக்குத் தாமதம். அவள் உள்ளே போய் உட்காரும்போது விளக்கம் முடிந்து, பலகையை அழித்து, இசை ஓட ஆரம்பித்திருந்தது.

மற்ற பிள்ளைகள் எல்லோரும் ஒரே கதையை எழுதினார்கள். 1945 ஆகஸ்ட் 6, ஹிரோஷிமா, விமானம், குண்டு, புகை. வரலாற்றுப் புத்தகத்தில் உள்ள பத்தி அப்படியே. எங்கள் பிள்ளை எழுதியது வேறு. தாளை நான் வாங்கி வைத்திருக்கிறேன். பனையில் கதண்டுக் கூடு கலைந்துவிட்டது என்று தொடங்குகிறாள். கீழே நின்றவர்கள் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள். மேலே ஏறினவர் இறங்க முடியாமல் மட்டையைப் பிடித்துக்கொண்டு இருக்கிறார். யாரோ தகரத்தைத் தட்டுகிறார்கள். கடைசி வரி: "சத்தம் நிக்கல, தூரமாப் போயிட்டு." அவளுடைய தாத்தா பனையேறி. கதண்டு கொட்டிப் பிழைத்தவர்.

தாளில் சிவப்பு மையில் ஒரு பெரிய சுழி. கீழே, 'தலைப்பைக் கவனிக்கவில்லை.'

அவள் அழவில்லை. ஆனால் ராத்திரி சாப்பிடும்போது கேட்டாள்: "நான் தப்பா கேட்டுட்டேனா மாமா?" அந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும் என்றுதான் அந்த உருப்படியைப் பற்றித் தேடிப் படித்தேன். படித்ததில் உங்களுக்குத் தெரிந்ததும் இருக்கும். ஆனாலும் சொல்கிறேன்.

அது போலந்துக்காரர் பெண்டெரெட்ஸ்கி எழுதியது. 1960 வாக்கில் எழுதியபோது அவருக்கு இன்னும் முப்பது வயது ஆகவில்லை. 52 தந்தி வாத்தியங்கள்: 24 வயலின், 10 வயோலா, 10 செல்லோ, 8 டபுள் பாஸ். எடுத்த எடுப்பிலேயே ஒவ்வொரு வாத்தியமும் தன்னால் எட்ட முடிந்த மிக உயரமான சத்தத்தைப் பலமாக எழுப்பும். இடையில் வில்லைக் குதிரைக்கு (தந்திகளைத் தாங்கும் சின்னக் கட்டைக்கு) அந்தப் பக்கம் இழுப்பார்கள். வாத்தியத்தின் உடம்பை விரலால் தட்டுவார்கள். (தகரம் தட்டுகிறார்கள் என்று பிள்ளை எழுதினாளே, அந்த இடம்.) முடிவில் 52 பேரும் ஆளுக்கொரு சுருதியில் நெருக்கியடித்து நின்று, அந்தப் பெரிய சத்தத்தை மெல்ல மெல்லத் தேய விடுவார்கள்.

இதற்கு அவர் முதலில் வைத்த பெயரில் ஹிரோஷிமா இல்லை. 'எட்டு நிமிஷம் முப்பத்தேழு விநாடி', அதுதான் பெயர். எழுதும்போது அது அவர் மனதில் வெறும் சத்தமாகத்தான் இருந்தது. ஆர்கெஸ்ட்ரா வாசித்து, தன் காதாலேயே கேட்டபோதுதான் அதில் இருந்த உணர்ச்சி அவரை உலுக்கியது. இது எதைப் போல இருக்கிறது என்று தேடி, கடைசியில் ஹிரோஷிமாவில் மாண்டவர்களுக்கு அதைக் காணிக்கையாக்கினார். பிறகுதான் அது இரங்கல் பாட்டு ஆனது. நம் சொல்லில் ஒப்பாரி.

யோசித்துப் பாருங்கள். அந்த ஒலிக்குக் கதை தேடிய முதல் ஆள் அதை எழுதியவரே. அவரும் கேட்ட பிறகுதான் கதையைக் கண்டுபிடித்தார். தலைப்பு தெரியாமல் உட்கார்ந்து, கேட்டு, 'இது என்னது மாதிரி இருக்கு' என்று தன் வாழ்க்கைக்குள் தேடிய எங்கள் பிள்ளை செய்ததும் அதே வேலை. அந்த அறையில் இசையைக் கேட்டு எழுதியவள் அவள் ஒருத்திதான். மற்றவர்கள் பலகையைப் பார்த்து எழுதினார்கள்.

தலைப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஹிரோஷிமாவில் செத்தவர்கள் பெயரால் இருக்கும் ஓர் இசையைக் கேட்டுவிட்டு அந்த மக்களைத் தெரிந்துகொள்ளாமல் போவது சரியல்ல. எப்போது சொல்வது என்பதுதான் என் பேச்சு. மறுநாள் ராத்திரி அவளுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, விளக்கை அணைத்து, திரும்பவும் போட்டேன். முடிந்ததும் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "அப்ப கீழ நின்னவங்களும் ஓட முடிஞ்சிருக்காதுல்லா மாமா?" அந்த ஒரு வார்த்தைக்கு அவளைக் கொண்டுபோனது கதண்டுதான். அவளுக்கென்று ஒரு கதை முன்னாலேயே இருந்ததால்தான் ஹிரோஷிமா அவளுக்குள் நிஜமாக இறங்கியது.

கதை தேடிக் கேட்பது நம்மூருக்குப் புதிது அல்ல. 2025 மார்ச் 8 அன்று லண்டனில் இளையராஜாவின் முதல் சிம்பொனி அரங்கேறியபோது என் கடைக்கு வந்தவர்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "அதுல கதை என்னது அண்ணாச்சி?" பாட்டு இல்லை, வசனம் இல்லை என்று தெரிந்தும் கேட்டார்கள். நம் காது வில்லுப்பாட்டில் வளர்ந்த காது. ஆனால் ஒன்று கவனித்திருப்பீர்கள். வில்லில் புலவர் ஒரு வரி சொன்னால் பக்கத்தில் இருப்பவர் "ஆமா" என்பார். எங்கள் அடுத்த தெருவில் நாற்பது வருஷம் குடம் அடித்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர் என்னிடம் சொன்னது: "ஆமா போடுதவன் தூங்கிட்டான்னா கதை அந்த எடத்துலயே நின்னுரும் தம்பி." கேட்கிறவன் சேர்ந்து இழுத்தால்தான் வில்லுக்கதை நகரும்.

சுடலைமாடன் சாமி கொடைவிழாவில் கணியான் கூத்து பார்த்தவர்களுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். மகுடம் என்கிற பறை இரண்டு, ஒன்று உச்சம், ஒன்று மந்தம். அண்ணாவி பாடும்வரை கதை அவர் வாயில் இருக்கிறது. சாமம் ஆகி, மாடன் வேட்டைக்குப் புறப்படும் நேரம் வந்ததும் பாட்டு நின்றுவிடும். மகுடம் மட்டும் பேசும். தீயில் வாட்டி முறுக்கேற்றிய தோல். அடி நெருங்க நெருங்க, பந்தலுக்கு வெளியே படுத்திருந்த பிள்ளைகளைத் தாய்மார் இழுத்து மடியில் போட்டுக்கொள்வார்கள். ஒரு சொல் கிடையாது. ஆனால் இப்போது மாடன் எங்கே நிற்கிறார், எந்தப் பக்கம் போகிறார் என்று கூட்டத்தில் உள்ள அத்தனை பேருக்கும் தெரியும். கிறிஸ்தவ வீட்டுப் பையனான எனக்கே தெரியும். எங்கள் வீட்டுத் திண்ணையில் இருந்து கேட்டாலும் முதுகு சில்லிடும். சத்தத்தில் இருந்து கதையை எடுக்கிற இந்தப் பழக்கத்தைப் பிள்ளைகள் வீட்டில் இருந்தே கொண்டுவருகிறார்கள். வகுப்புக்குள் வரும்போது அதை வாசலில் விடச் சொல்கிறோம். அதுதான் என் வருத்தம்.

எங்கள் பாடகர் குழுப் பிள்ளைகளிடம் இதைச் செய்து பார்த்தேன். சனிக்கிழமை சாயங்காலப் பயிற்சி முடிந்ததும் எஸ்டோனியாக்காரர் ஆர்வோ பேர்ட் 1977-ல் எழுதிய ஒரு சின்ன உருப்படியைப் போட்டேன். தலைப்பு சொல்லவில்லை. முதலில் ஒரு மணி அடிக்கும். இடைவெளி விட்டு மறுபடியும் ஒன்று. இரண்டாவது அடியிலேயே பின்வரிசைப் பையன் பக்கத்துப் பையனிடம் கேட்டது எனக்குக் கேட்டது: "யாரு போயிட்டாவ?" எங்கள் ஊரில் துக்க மணி அப்படித்தான் அடிக்கும், ஒவ்வொன்றாக, நடுவில் மூச்சு விட்டு. மண்வெட்டி பிடித்திருப்பவர் வேலையை நிறுத்திவிட்டு எண்ணுவார்.

பிறகு வயலின்கள் மேலிருந்து இறங்கத் தொடங்கும். ஒரே மைனர் ஸ்கேல்தான், கீழ்நோக்கி மட்டும். முதல் வயலின் இறங்கும் வேகத்தில் பாதி இரண்டாம் வயலின். அதில் பாதி வயோலா. அதில் பாதி செல்லோ. அதிலும் பாதி டபுள் பாஸ். அதே படிக்கட்டில் ஐந்து பேர் ஐந்து வேகத்தில் இறங்குவது போல. ஒரு பிள்ளை, சித்திரையில் கிணற்றுத் தண்ணீர் இறங்குவதாகச் சொன்னாள். ஒருவன் கடல் உள்வாங்குகிறது என்றான். சுனாமி அன்று அவன் தாத்தா பார்த்ததைக் கேட்டு வளர்ந்த பையன். முன்வரிசையில் எப்போதும் பேசாத ஒரு பையன் மட்டும் இப்படிச் சொன்னான்: "பெட்டிய எறக்குதாவ சார். கயிறு ஒரு பக்கம் சீக்கிரமா போவுது, ஒரு பக்கம் மெதுவா போவுது." இரண்டு மாதத்துக்கு முன் அவன் அப்பாவை அடக்கம் செய்திருந்தோம். நானும் ஒரு கயிற்றைப் பிடித்திருந்தேன். அவன் சொன்னது சரி. அன்றைக்குக் கயிறு அப்படித்தான் போனது.

அதற்குப் பிறகுதான் தலைப்பைச் சொன்னேன். இங்கிலாந்து இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் 1976 டிசம்பர் 4 அன்று இறந்தார். அவரை நேரில் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, பார்க்காமலே போன பேர்ட், அவர் நினைவுக்கு எழுதியது இது. திரும்பவும் கேட்டோம். இந்த முறை முடிவைக் கவனிக்கச் சொன்னேன். கடைசியில் தந்திகள் எல்லாம் அடிமட்டத்துக்கு வந்து நின்று, பலமாக இழுத்து, ஒரேயடியாக நிற்கும். நின்ற பிறகு மணியின் ரீங்காரம் கேட்கும். அந்த மணியை அடித்த சத்தம் யாருக்கும் கேட்டிருக்காது. தந்திகள் முழங்கும்போதே, அந்தச் சத்தத்துக்குள் மறைவாக மெல்ல அடித்துவிடுகிறார்கள். "எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டாவ, மணிக்கூண்டு மட்டும் நிக்கி" என்றாள் ஒரு பிள்ளை. இசைப் புத்தகம் எழுதுகிறவர்கள் பல பக்கம் எழுதும் இடம் அது.

பிள்ளைகள் ஆளுக்கொரு கதை சொன்னார்கள், ஆனால் எல்லாமே இறங்குகிற கதை, எல்லாமே இழக்கிற கதை என்பதையும் நீங்கள் பார்க்க வேண்டும். தான்தோன்றியாக எதையும் சொல்லவில்லை. இதை ஆராய்ந்தவர்களும் இருக்கிறார்கள். இசை ஆய்வாளர் எலிசபெத் மார்குலிசும் கூட இருந்தவர்களும் 2022-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், அமெரிக்காவின் ஆர்கன்சா, மிச்சிகன் மாநிலங்களில் உள்ளவர்களுக்கும் சீனாவின் குய்சோ மாகாணத்துத் திமென் என்ற கிராமத்தில் உள்ளவர்களுக்கும் சொல்லில்லாத அதே இசையைப் போட்டு, மனதில் தோன்றிய கதையைக் கேட்டார்கள். இரண்டு அமெரிக்க ஊர்க்காரர்களின் கதைகளும் ஒன்றுக்கொன்று ஆச்சரியப்படும் அளவுக்கு நெருங்கி இருந்தன. திமென் மக்களின் கதைகளும் தங்களுக்குள் நெருங்கி இருந்தன. ஆனால் இந்தப் பக்கத்துக் கதையும் அந்தப் பக்கத்துக் கதையும் வேறு வேறு. ஒரே பண்பாட்டில், ஒரே சத்தங்களுக்குள் வளர்ந்தவர்கள் ஒரே மாதிரிக் கதையைக் கேட்கிறார்கள். அப்படியானால் திசையன்விளைப் பிள்ளையும் களக்காட்டுப் பிள்ளையும் சங்கரன்கோவில் பிள்ளையும் என்ன கேட்கிறார்கள் என்பது அறிந்துகொள்ள வேண்டிய விஷயம் இல்லையா? பலகையில் விடையை எழுதிவிட்டால் அதை எப்போது அறிவோம்?

சிலர் கேட்பீர்கள்: இசையமைப்பாளர் ஒரு கதையை மனதில் வைத்து எழுதியிருந்தால் அதுதானே சரியான கதை? ரஷ்யாக்காரர் ஷோஸ்டகோவிச் நாலு தந்தி வாத்தியங்களுக்கு எழுதிய எட்டாவது நால்வர் இசையை எடுத்துக்கொள்வோம். 1960 ஜூலையில், ஜெர்மனியில் டிரெஸ்டனுக்குப் பக்கத்தில், மூன்றே நாளில் எழுதினார். பாசிசத்துக்கும் போருக்கும் பலியானவர்கள் நினைவுக்கு என்று அச்சில் போட்டார். ஆனால் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், நான் செத்தால் என் நினைவுக்கு யாரும் எழுதப்போவதில்லை, அதனால் நானே எழுதிக்கொண்டேன் என்கிற பொருளில் சொல்லியிருக்கிறார். நான்காம் பகுதியில் ஒரு நீண்ட சுரத்தின் மேல் மூன்று முரட்டு அடி விழும். நள்ளிரவில் கதவைத் தட்டும் ரகசியப் போலீஸ் என்பார்கள் சிலர். விமானத்தைச் சுடும் பீரங்கி என்பார்கள் சிலர். எழுதியவரிடமே இரண்டு கதை இருக்கும்போது சரியான விடை என்று எதற்கு மதிப்பெண் போடுவது?

கர்நாடக இசை சொல்லிக்கொடுக்கும் டீச்சர்மார் இதே உருப்படியில் வேறு ஒரு வாசலையும் திறந்து காட்டலாம். அதன் முதல் நான்கு சுரங்கள் ஷோஸ்டகோவிச்சின் பெயரெழுத்துகள், ஜெர்மன் சுர எழுத்தில். சட்ஜத்தை 'சி'யில் வைத்துப் பாடினால் ரி, க, ச, கீழ் நி. சதுச்ருதி ரிஷபம், சாதாரண காந்தாரம், சட்ஜம், மந்திர காகலி நிஷாதம். இசை முழுக்க அந்தப் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. எட்டயபுரத்தில் 1835-ல் உயிர் நீத்த முத்துசுவாமி தீட்சிதர் தன் பாடல்களில் 'குருகுக' என்று கையெழுத்து மாதிரி முத்திரை வைத்தவர். எழுத்தும் சுரமும் ஒன்றாக நிற்கும் சுவராட்சரமும் நமக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்து ரஷ்யாக்காரர் ஒருவர் செய்திருக்கிறார் என்று சொன்னால் பிள்ளைகள் அந்த நான்கு சுரத்தை விடமாட்டார்கள். எங்கே வருகிறது என்று வேட்டையாடுவார்கள். யாரோ ஒருவர் தன் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறார், ஏன் என்ற கேள்வி தானாக வரும். அங்கே ஒரு கதை பிறந்துவிடும்.

சொல் உள்ள இசையில் மட்டும் இன்னும் கவனம் வேண்டும். போலந்துக்காரர் குரெட்ஸ்கியின் மூன்றாம் சிம்பொனியில் மூன்று பகுதியிலும் ஒரு பெண் குரல் பாடும். நடுப்பகுதியின் சொற்கள், போலந்தில் நாஜிகளின் காவலறைச் சுவரில் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி கீறி வைத்தவை: அம்மா, அழாதே. இதன் பொருளைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட்டால் அது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் அநியாயம். ஆனாலும் இங்கேயும் முதலில் குரலை மட்டும் கேட்க விடுங்கள் என்பேன். உவரிப் பக்கத்து அம்மா ஒருவர் என் கடையில் இன்வெர்ட்டருக்குக் காத்திருந்தபோது இதன் முதல் பகுதி ஓடிக்கொண்டிருந்தது. "வியாகுலப் பிரசங்கம் மாதிரி இருக்கே" என்றார். போலிஷ் மொழியில் ஒரு சொல் தெரியாது அவருக்கு. அந்தப் பகுதி சிலுவையில் தொங்கும் மகனைப் பார்த்து மாதா புலம்பும் பதினைந்தாம் நூற்றாண்டுப் புலம்பல். பெரிய வெள்ளிக்குப் பெரிய வெள்ளி கேட்டுப் பழகிய காது அவரை நேராக அங்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

நான் உங்களிடம் கேட்பது பெரிய காரியம் இல்லை. மேலே சொன்ன பேர்ட் உருப்படி சுமார் ஆறேழு நிமிஷம். பெண்டெரெட்ஸ்கி பத்து நிமிஷத்துக்குள். நாற்பது நிமிஷப் பீரியடில் இரண்டு தடவை போடலாம். முதல் தடவை தலைப்பு, பெயர், நாடு எதுவும் வேண்டாம். பிள்ளைகள் வீட்டில் பேசுகிற தமிழிலேயே எழுதட்டும். 'எறங்குது' என்று எழுதினால் 'இறங்குகிறது' என்று திருத்த வேண்டாம். ஒருவர் எழுதியதை மற்றவர்கள் கேட்கும்படி வாசிக்கச் சொல்லுங்கள். எதுவும் தோன்றவில்லை, வெறும் சத்தமாகக் கேட்டது என்று ஒரு பிள்ளை சொன்னால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள்; எல்லோருக்கும் எல்லா இசையிலும் கதை வராது, சிலருக்கு நிறம் மட்டும் வரும், சிலருக்கு ஒன்றும் வராது. பிறகு தலைப்பு, எழுதியவரின் வாழ்க்கை, காலம், எல்லாம். பிறகு இரண்டாவது தடவை. மதிப்பெண் மட்டும் போடாதீர்கள், தயவுசெய்து.

செல்போன் ஸ்பீக்கரில் போட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். டபுள் பாஸ் அதில் வரவே வராது. பேர்ட் உருப்படியில் ஐந்தாவது ஆள் படியிறங்குவதே கேட்காமல் போய்விடும். நல்ல ஸ்பீக்கர் ஒரு சோடியும் ஆம்ப்ளிஃபயரும் என் கடையில் இருக்கின்றன. ராதாபுரம், திசையன்விளை, நாங்குநேரி சுற்றுவட்டாரத்தில் எந்தப் பள்ளியானாலும், எந்தக் கோவிலானாலும் முந்தின நாள் சொல்லிவிட்டால் வண்டியில் கட்டிக்கொண்டு வந்து நானே இணைத்துக் கொடுப்பேன். வாடகை கிடையாது. சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் எங்கள் பயிற்சி இருப்பதால் முடியாது. என் அக்கா மகளும் கூட வருகிறேன் என்கிறாள். தாளைக் கொண்டுவருவாளாம்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளோடு ஞாயிறுதோறும் வாசிக்கும்
ஒரு கீபோர்டுக்காரன்